இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்): மதீனாவின் தெருக்களில் ஒரு மாவு மூட்டை

சமூக சேவை செய்ய வேண்டும் என்ற ஆர்வம் இன்றைய இளைஞர்களிடம் நிறையவே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நகரத்து மஹல்லாக்களில் ஜும்ஆ முடிந்து நிற்கும்போது நம்மிடம் அடிக்கடி வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. வார இறுதியில் நேரம் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, எங்கே போய் எந்த அமைப்பில் சேர்ந்து சேவை செய்யலாம் என்பதுதான் அது.

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் சேவை என்பது எங்கோ ஓர் அலுவலகத்தில் பெயர் கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நம் தெருவில் நான்காவது வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்பது நமக்குத் தெரியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரிவதற்கே கூரியர் கொண்டுவருபவர் தவறான கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அப்படி வாழ்ந்துகொண்டு சேவைக்கு இடம் தேடி ஊரெல்லாம் அலைகிறோம்.

இதற்குப் பதிலாக ஒரு வாழ்க்கை வரலாற்றையே சொல்லலாம் என்று நினைக்கிறோம். அந்தப் பெயர் நமக்குப் புதியதல்ல. கர்பலாவைப் பேசும் எந்த மேடையிலும் அவர்கள் பெயர் வரும். ஆனால் கர்பலாவுக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் மதீனாவில் வாழ்ந்தார்கள், அந்த ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்பது நம் மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவர்கள்தாம் ஹுசைன் (ரலி) அவர்களின் மகனார் அலீ (ரஹ்). வணக்கசாலிகளின் அலங்காரம் என்ற பொருளில் ஜைனுல் ஆபிதீன் என்றும், அதிகம் ஸஜ்தா செய்பவர் என்ற பொருளில் ஸஜ்ஜாத் என்றும் உலகம் அவர்களை அழைக்கிறது.

ஹிஜ்ரி 38ஆம் ஆண்டளவில் பிறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. பாட்டனார் அலீ (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்த காலம் அது. தாயார் போர்க் கைதியாக வந்த அடிமைப் பெண். பாரசீக மன்னர் யஸ்தகிர்தின் மகள் அவர் என்ற கதை மக்களிடையே மிகப் பிரபலம். ஆனால் பழைய வரலாற்று நூல்களில் கஸாலா, ஸலாமா என்ற பெயர்களே வருகின்றன, அரச வம்சக் கதையை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. நமக்கு அந்தக் கிரீடம் தேவையும் இல்லை. அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறந்தவர் என்பதே போதுமான சிறப்பு. அக்காலத்து மதீனாவாசிகள் அடிமைப் பெண்கள் மூலம் பிள்ளை பெறுவதைத் தாழ்வாகக் கருதினார்கள் என்றும், இவர்களும், அபூபக்ர் (ரலி) அவர்களின் பேரர் காஸிமும், உமர் (ரலி) அவர்களின் பேரர் ஸாலிமும் அத்தகைய தாய்மாருக்குப் பிறந்து, கல்வியிலும் இறையச்சத்திலும் ஊரையே மிஞ்சிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

தாயாரைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. தாயாருக்கு அத்தனை பணிவிடை செய்யும் பிள்ளை, அவரோடு ஒரே தட்டில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்களாம். காரணம் கேட்டபோது, தாயாரின் கண் எந்தத் துண்டின் மீது விழுந்ததோ அதைத் தம் கை முந்திக்கொண்டு எடுத்துவிடுமோ என்ற அச்சம்தான் என்று சொன்னார்களாம். அடுத்தவரின் கை நீளும் முன்பே அவருடைய கண் எங்கே போகிறது என்று பார்க்கும் பழக்கம் அது. வீட்டுத் தட்டில் தொடங்கிய இந்தப் பழக்கம் பின்னால் தெருத் தெருவாக நடந்ததை இனிப் பார்க்கப் போகிறோம்.

ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10. கர்பலா. அப்போது அவர்களுக்கு வயது சுமார் 23. கடும் நோயில் கூடாரத்தில் படுத்திருந்ததால் களத்தில் இறங்க முடியவில்லை. தந்தையும் சகோதரர்களும் உறவினர்களும் ஒரே பகலில் ஷஹீதாக்கப்பட்டார்கள். கூடாரத்துக்குள் புகுந்தவர்கள் நோயாளியையும் கொல்லப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கூஃபாவில் ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஜியாத் முன்னால் நிறுத்தப்பட்டபோது மறுபடியும் கொலை உத்தரவு. அத்தை ஜைனப் (ரலி) அவர்கள் மருமகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கொல்வதானால் தம்மையும் சேர்த்தே கொல்லும்படி சொன்னதால் உயிர் தப்பியது. பிறகு டமாஸ்கஸ், யஸீதின் அவை. அங்கிருந்து பெண்களோடும் குழந்தைகளோடும் மதீனாவுக்குத் திரும்பினார்கள்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். 23 வயது இளைஞர். குடும்பத்து ஆண்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். கொன்றவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள். அழைத்துவிட்டுக் கைவிட்ட கூஃபாவாசிகள் வீட்டில் இருக்கிறார்கள். ஒருவர் கசந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்ள இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அழுதார்கள், பல ஆண்டுகள் அழுதார்கள். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

அடுத்த சோதனை இரண்டே ஆண்டுகளில் வந்தது. ஹிஜ்ரி 63இல் மதீனாவாசிகள் யஸீதுக்கு எதிராக எழுந்து, ஊரிலிருந்த உமையா குடும்பத்தாரை வெளியேற்றினார்கள். மர்வான் இப்னு ஹகம் தம் மனைவி மக்களை யாரிடம் ஒப்படைப்பது என்று தவித்தார். சிலர் மறுத்துவிட்டார்கள். கடைசியில் அவர் வந்து கேட்டது ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களிடம். மர்வான் யார்? முன்பு ஹுசைன் (ரலி) அவர்களிடம் பலவந்தமாக பைஅத் வாங்க வேண்டும், மறுத்தால் கொன்றுவிட வேண்டும் என்று மதீனா ஆளுநருக்கு ஆலோசனை சொன்னவர். அவருடைய பெண்களையும் பிள்ளைகளையும் இவர்கள் தம் குடும்பத்தோடு சேர்த்துப் பாதுகாப்பாக ஊருக்கு வெளியே அனுப்பிவைத்தார்கள். கணக்குப் பார்க்காமல் செய்த உதவி என்றால் இதுதான்.

அதன் பிறகு ஷாம் படை வந்தது. ஹர்ரா என்ற இடத்தில் நடந்த போரில் ஸஹாபாக்களின் பிள்ளைகளும் குர்ஆனை மனனமிட்டவர்களும் ஏராளமாகக் கொல்லப்பட்டார்கள். ஊர் சூறையாடப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் நகரம் விதவைகளும் அநாதைகளும் நிறைந்த நகரமாயிற்று. நேற்றுவரை கொடுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள், இன்று கை நீட்டவும் தெரியாமல், பசியைச் சொல்லவும் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தன. ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களின் இரவு நடையைப் புரிந்துகொள்ள இந்த மதீனாவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசியலிலிருந்து அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மஸ்ஜிதுந் நபவியில் கல்வி, ஹதீஸ், தொழுகை என்று நாட்கள் போயின. தந்தையிடமிருந்தும், இப்னு அப்பாஸ், அபூஹுரைரா, அன்னை ஆயிஷா (ரலி) போன்றோரிடமிருந்தும் அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் பிரபலமான ஆறு நூல்களிலும் இடம்பெற்றுள்ளன. அவர்களைவிடச் சிறந்த குறைஷியரைத் தாம் பார்த்ததில்லை என்று மாபெரும் ஹதீஸ் மேதை இமாம் ஸுஹ்ரி (ரஹ்) சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மஸ்ஜிதுக்குள் வந்தால் குறைஷிப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வட்டங்களைக் கடந்து போய், உமர் (ரலி) குடும்பத்தாரால் உரிமை விடப்பட்டவரின் மகனாகிய ஸைத் இப்னு அஸ்லம் அவர்களின் வட்டத்தில் அமர்வார்கள். குறைஷிப் பிரமுகர் ஒருவர் இதைக் குறையாகச் சொன்னபோது, தம் மார்க்கத்துக்குப் பயன் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் மனிதன் உட்கார வேண்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். கல்வி இருக்கும் இடம் தேடிப் போன அதே கால்கள்தாம் இரவில் பசி இருக்கும் இடம் தேடிப் போயின.

இரவுகளில் என்ன நடந்தது என்பதை அபூநுஐம் அவர்களின் ஹில்யத்துல் அவ்லியாவும் இமாம் தஹபீ அவர்களின் ஸியரும் பதிவு செய்திருக்கின்றன. ஊர் உறங்கிய பிறகு, ரொட்டியும் மாவும் நிரப்பிய மூட்டையைத் தம் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு வெளியே கிளம்புவார்கள். வீடு வீடாகப் போவார்கள். கதவருகே வைத்துவிட்டோ கையில் கொடுத்துவிட்டோ நகர்ந்துவிடுவார்கள். தம்மை அடையாளம் கண்டுகொள்ளாதபடி முகத்தை மறைத்துக்கொள்வார்கள் என்றும் சில அறிவிப்புகளில் வருகிறது. இரகசியமாகக் கொடுக்கப்படும் ஸதகா இறைவனின் கோபத்தைத் தணிக்கிறது என்ற நபிமொழியை அடிக்கடி நினைவூட்டுவார்களாம்.

மதீனாவில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் உணவு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வாழ்ந்தன. இன்று வந்தது, நாளையும் வரும் என்பது மட்டும் தெரியும்.

அவர்களிடம் பணியாட்கள் இருந்தார்கள். ஒரு சொல் சொன்னால் மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். மழையும் குளிருமான ஓர் இரவில் இமாம் ஸுஹ்ரி (ரஹ்) வழியில் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டதாக ஒரு செய்தி உண்டு. பயணம் ஒன்று வருகிறது, அதற்குக் கட்டுச்சோறு சேர்க்கிறேன் என்ற பொருளில் இவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். தம் பணியாளர் சுமக்கட்டும் என்று ஸுஹ்ரி கேட்டும் கொடுக்கவில்லை, தாமே சுமக்கிறேன் என்றும் கொடுக்கவில்லை. சில நாட்கள் கழித்தும் இவர்கள் ஊரிலேயே இருப்பதைப் பார்த்து, பயணம் என்ன ஆயிற்று என்று விசாரித்திருக்கிறார். அவர் நினைத்த பயணமல்ல அது, மறுமைப் பயணம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

இதில் நம் கவனத்தை இழுப்பது இன்னொன்று. வெளியே கொடுத்ததை யாரும் பார்க்காததால், ஊரில் சிலர் அவர்களைக் கஞ்சர் என்றே பேசினார்கள். ஆம், கஞ்சர். நபி (ஸல்) அவர்களின் பேரருடைய மகன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று. அவர்கள் கையால் இரவில் வாங்கிச் சாப்பிட்டவர்களில் ஒருவரே, உறவினராக இருந்தும் அலீ இப்னு ஹுசைன் தம்மைக் கவனிப்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டதாகக்கூட ஒரு அறிவிப்பு சொல்கிறது. கொடுத்துக்கொண்டிருந்தவர் முன்னாலேயே குறை. அப்போதும் வாய் திறக்கவில்லை.

நாம் ஒன்றை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளலாம். பணத்தைக் கொடுப்பது கஷ்டமா, நல்ல பெயரைக் கொடுப்பது கஷ்டமா? ஆயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்துவிடலாம். கொடுத்த பிறகும் கஞ்சன் என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு அதே தெருவில் நடப்பது வேறு விஷயம்.

ஏன் இத்தனை இரகசியம்? இக்லாஸ் என்பது முதல் காரணம், அதில் ஐயமில்லை. வாங்குபவரின் மானம் இரண்டாவது. மூன்றாவதாக நமக்குத் தோன்றுவது ஒன்று உண்டு, இது நம் கருத்துதான். ஹுசைன் (ரலி) அவர்களின் மகன் பகலில் வீதியில் நின்று கொடுத்திருந்தால், வாங்க வந்த கூட்டத்தை ஆட்சியாளர்கள் படை திரட்டுவதாகவே பார்த்திருப்பார்கள். பசித்தவன் ரொட்டிக்காக வந்து ஒற்றர்களின் பட்டியலில் ஏறியிருப்பான். இருட்டு, கொடுப்பவரை மட்டுமல்ல, வாங்குபவரையும் காப்பாற்றியது.

ஹதீஸ் மாணவர்களுக்கு ஒரு சுவையான செய்தி. தனக்குத் தேவையற்றதை விட்டுவிடுவது ஒருவரின் இஸ்லாம் அழகாக இருப்பதன் அடையாளம் என்ற கருத்தில் வரும் பிரபலமான நபிமொழியை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள். ஸுஹ்ரி வழியாக அதை அறிவிப்பவர் வேறு யாருமல்ல, நம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களேதாம். நம்மில் பலர் அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடாமல் இருக்க இந்த நபிமொழியைச் சாக்காக எடுத்துக்கொள்கிறோம். அறிவித்தவரின் வாழ்க்கையைப் பார்த்தால் பொருள் விளங்குகிறது. அடுத்த வீட்டில் யார் யாரோடு சண்டை, யார் என்ன வாங்கினார் என்பது அவர்களுக்குத் தேவையற்றது. அடுத்த வீட்டில் மாவுப் பானை காலியா என்பது தேவையானது. நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

மாவு மூட்டை மட்டும்தான் அவர்களின் சேவை என்று எண்ணிவிட வேண்டாம். உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களின் மகனார் முஹம்மத் நோயுற்றிருந்தபோது நலம் விசாரிக்கப் போனார்கள். நோயாளி அழுதுகொண்டிருந்தார். விசாரித்தால், கடன். எவ்வளவு என்று கேட்க, 15,000 தீனார் என்று தெரியவந்தது. அது தம் பொறுப்பு என்று அங்கேயே ஏற்றுக்கொண்டார்கள். நலம் விசாரிக்கப் போகும் நாம் பழம் வாங்கிப் போகிறோம், நோயின் பெயரைக் கேட்கிறோம், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கிறோம். அழுகைக்கு என்ன காரணம் என்று கேட்பதில்லை.

ஸஈத் இப்னு மர்ஜானா என்பவர் வந்து, ஓர் அடிமையை விடுதலை செய்பவரின் ஒவ்வோர் உறுப்பையும் அல்லாஹ் நரகிலிருந்து விடுவிக்கிறான் என்ற கருத்துள்ள ஹதீஸை அபூஹுரைரா (ரலி) வழியாக எடுத்துச் சொன்னார். அதைக் கேட்டதும் தம்மிடமிருந்த ஓர் அடிமையை விடுதலை செய்துவிட்டார்கள். அந்த அடிமைக்கு அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் 10,000 திர்ஹம் அல்லது 1,000 தீனார் விலை பேசியிருந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. ஹதீஸைக் கேட்டதற்கும் செயலுக்கும் நடுவில் கூட்டம் போடவில்லை, நாள் குறிக்கவில்லை. வாழ்நாளில் இரண்டு முறை தம் சொத்தைச் சரிபாதியாகப் பிரித்து அல்லாஹ்வின் பாதையில் கொடுத்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயணம் போனால் தாம் யார் என்பதைச் சொல்லாமல் மறைத்துக்கொள்வார்கள். நபி (ஸல்) அவர்களின் உறவைக் காட்டி, தாம் திருப்பிக் கொடுக்க முடியாத உபசாரத்தைப் பெற்றுக்கொள்ள மனமில்லை என்பது காரணம். தம்மை அறியாத கூட்டத்தாரோடு சேர்ந்து, வழியில் அவர்களுக்கு வேண்டிய வேலைகளைத் தாம் செய்வதாக நிபந்தனை பேசிக்கொண்டு பயணம் போவார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு.

மதீனாவின் ஆளுநராக இருந்த ஹிஷாம் இப்னு இஸ்மாயீல் அவர்களுக்குப் பெரும் தொல்லை கொடுத்தவர். ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) போன்ற பேரறிஞரைக் கசையால் அடித்தவர். கலீபா வலீத் பதவிக்கு வந்ததும் அவரை நீக்கி, பாதிக்கப்பட்டவர்கள் பழி தீர்த்துக்கொள்ள வசதியாக மக்கள் முன் நிறுத்தினார். ஹிஷாம் அதிகம் பயந்தது ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களைத்தான். அவர்களோ தம் குடும்பத்தார் யாரும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே தடுத்துவிட்டு, அவரைக் கடந்து அமைதியாகப் போய்விட்டார்கள். கர்பலாவைக் கண்ட மனதில் பழிக்கு இடம் இல்லாமல் போனது எப்படி என்று நாம் வியக்கிறோம். இரவெல்லாம் மாவு சுமக்கிறவருக்குப் பகையைச் சுமக்க முதுகில் இடம் ஏது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒரு நாளைக்கு 1,000 ரக்அத் தொழுதார்கள் என்பது போன்ற செய்திகளைக் கேட்டு நம் இளைஞர்கள் மலைத்துப்போகிறார்கள். எண்ணிக்கையைப் பற்றி அறிஞர்களுக்குள் பேச்சு உண்டு, அது இங்கே வேண்டாம். உளூச் செய்யும்போதே முகம் வெளுத்துவிடும் அளவுக்கு அல்லாஹ்வின் முன் நிற்பதை நினைத்து நடுங்கியவர்கள் என்பது போதும். அவர்களோடு இணைத்துச் சொல்லப்படும் துஆத் தொகுப்பான ஸஹீஃபா ஸஜ்ஜாதிய்யாவில் அண்டை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் என்றே தனியாக ஒரு துஆ இருக்கிறது. தஹஜ்ஜுதும் மாவு மூட்டையும் ஒரே இரவின் இரண்டு பகுதிகள். ஒன்றைச் செய்பவர் மற்றொன்றைச் செய்யத் தேவையில்லை என்று நாம்தான் பிரித்துவைத்திருக்கிறோம்.

ஹிஜ்ரி 94ஆம் ஆண்டளவில் அவர்கள் வஃபாத்தானார்கள். மதீனாவின் பெரும் சட்ட மேதைகள் பலர் அடுத்தடுத்து மறைந்ததால் ஃபகீஹுகளின் ஆண்டு என்றே பெயர் பெற்ற ஆண்டு அது.

மையித்தைக் குளிப்பாட்டினார்கள். முதுகிலும் தோளிலும் கறுத்துத் தடித்த தழும்புகள் தெரிந்தன. குளிப்பாட்டியவர்கள் திகைத்தார்கள். கசையடித் தழும்பா? கைதியாக இருந்த நாட்களின் வடுவா? அவர்கள் கேட்டபோதுதான், இரவில் ஏழைகளின் வீடுகளுக்கு மாவு மூட்டை சுமந்ததால் வந்த தழும்பு என்ற விவரம் வெளியே வந்தது. ஸஜ்தாவின் தழும்பு நெற்றியில் இருந்ததை ஊர் அறியும். முதுகில் இருந்ததைக் குளிப்பாட்டும் பலகைதான் காட்டியது.

அடுத்த சில இரவுகளில் மதீனாவின் பல வீடுகளில் வழக்கமான காலடிச் சத்தம் கேட்கவில்லை. மூட்டை வரவில்லை. விசாரித்துக் கூட்டிப் பார்த்தபோது 100 வீடுகள் என்று கணக்கு வந்தது. கஞ்சர் என்று பேசிய நாவுகள் அடங்கின. இரகசிய ஸதகாவை அலீ இப்னு ஹுசைன் இறந்த பிறகுதான் தாங்கள் இழந்தோம் என்று மதீனாவாசிகள் பேசிக்கொண்டார்கள்.

இனி நம் மஹல்லாவுக்கு வருவோம். நம் சமுதாயம் சேவையில் பின்தங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் தங்குமிடமாகத் திறந்துவிடப்பட்டன. கொரோனா காலத்தில் சொந்தக்காரர்களே நெருங்க அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் அவரவர் மத முறைப்படி அடக்கம் செய்யவும் தகனம் செய்யவும் உதவினார்கள். இரத்த தானத்தில் நம் அமைப்புகளுக்குத் தமிழகத்தில் நல்ல பெயர். வெள்ளம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வெள்ளம் வடிந்த ஆறு மாதம் கழித்து வேலை போன வீட்டில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்ப்பதற்குத்தான் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களின் கண் தேவை.

எங்கே பார்ப்பது? மஹல்லாவின் மோதினாரைக் கேளுங்கள், எந்த வீட்டுப் பெரியவர் நான்கு நாளாகத் தொழுகைக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெருமுனை மளிகைக்கடைக்காரரின் கடன் நோட்டில் எந்த வீட்டுப் பக்கம் நீண்டுகொண்டே போகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை யார் அடைத்தது என்று சொல்ல வேண்டாம் என அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடையில் பத்து மாத்திரை எழுதிய சீட்டுக்கு நான்கு மட்டும் வாங்கிப் போகிறவர் யார் என்பது மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். வகுப்பறையில் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஆசிரியைக்குத் தெரியும். இவர்கள் நால்வரிடமும் பழகிவிட்டால் சேவைக்கு இடம் தேடி எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை, வாரத்துக்கு ஏழு நாளும் வேலை இருக்கும்.

எல்லாம் பணமும் அல்ல. டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை போகிறவரோடு துணைக்குப் போக ஆள் வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கும் விதவை உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதி இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க ஆள் வேண்டும். பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். கல்லூரியில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருத்தமான வேலை. இன்னொன்று, மையித்தைக் குளிப்பாட்டவும் கஃபனிடவும் தெரிந்தவர்கள் நகரத்து மஹல்லாக்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெண்களில் மிகவும் குறைவு. ஒரு மஹல்லாவில் ஐந்து இளைஞர்களும் ஐந்து சகோதரிகளும் இதைக் கற்றுக்கொண்டால் அது பெரிய கிஃபாயா.

அண்டை வீட்டார் என்றால் முஸ்லிம் வீடு மட்டும்தானா என்று கேட்பவர்களும் உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, பக்கத்து யூத வீட்டுக்குக் கொடுத்தாயிற்றா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

புகைப்படம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெளிப்படையாகக் கொடுப்பதையும் குர்ஆன் நல்லதென்றே சொல்கிறது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதை அதைவிடச் சிறந்தது என்கிறது. மக்களிடம் பணம் திரட்டும் அமைப்பு கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும், அது அமானிதம். ஆனால் கணக்கு என்பது வரவு செலவு. வாங்குபவரின் முகம் கணக்கில் சேராது. உணவுப் பொட்டலம் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. பசி இல்லாததால் சாத்தவில்லை. பொட்டலத்தோடு கேமராவும் வருகிறது என்பதால் சாத்துகிறார்கள். நாளை அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அந்தப் படம் யார் கைபேசியிலாவது இருக்கும் என்ற பயம் அவர்களுக்கு. அரிசி மூட்டையைப் படம் எடுங்கள், ரசீதைப் படம் எடுங்கள், ஆளை விட்டுவிடுங்கள்.

ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் ஜன்னத்துல் பகீஃயில், பெரிய தந்தை ஹஸன் (ரலி) அவர்களின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள். மகனார் முஹம்மத் அல்பாகிர் (ரஹ்) அவர்கள் மதீனாவின் பெரும் அறிஞராகத் திகழ்ந்தார்கள். அவர்களின் மகனார், அதாவது இவர்களின் பேரர், இமாம் ஜஃபர் ஸாதிக் (ரஹ்). இரவு கொஞ்சம் கழிந்ததும் ரொட்டியும் இறைச்சியும் திர்ஹங்களும் வைத்த பையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர்களும் மதீனாவின் ஏழைகளைத் தேடிப் போவார்களாம், வாங்கியவர்களுக்கு ஆள் யாரென்று தெரியாதாம். அவர்கள் இறந்து, வருவது நின்றபோதுதான் தெரிந்துகொண்டார்களாம்.